பாட்டியின் கூன், பேத்தியின் தோள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பள்ளிச் சீருடை போட்டால் வலது தோள் உயர்ந்து தெரிகிறது. புத்தகப்பைதான் காரணமா? என் அம்மாவுக்கும் (67, ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்) கூன் விழுந்திருப்பதால் இது பரம்பரையோ என்று பயமாக இருக்கிறது. போன மாதம் வாளித் தண்ணீரைத் தூக்கியதிலிருந்து அம்மாவுக்கு முதுகுவலி வேறு. உருவிவிட்டும் போகவில்லை. – வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கடிதத்தில் பெரும்பகுதி மகளைப் பற்றியது. அம்மா கடைசியில்தான் வருகிறார். எனக்கோ அந்தக் கடைசி வரிகள்தான் உறுத்துகின்றன.

முதலில் உருவிவிடுவதை நிறுத்துங்கள். வாளி தூக்கியதும் வந்து, ஒரு மாதமாகியும் போகாத வலியை 67 வயதில் சுளுக்கு என்று ஒதுக்கக் கூடாது. முதுகெலும்புக் கோர்வையில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம். இவ்வகை முறிவு விழுந்துதான் வரவேண்டும் என்பதில்லை. குனிந்து பாரம் எடுத்தாலே போதும். மூன்றில் இரண்டு பங்கு முறிவுகள் முறிவு என்று தெரியாமலேயே போய்விடுகின்றன. எலும்பின் முன்பக்கம் அமுங்கி, பின்பக்கம் அப்படியே நின்றால் அது ஆப்பு போலாகிறது. அப்படி இரண்டு மூன்று ஆப்புகள் ஒன்றின்மேல் ஒன்று நின்றால் அதுதான் கூன். வயதானால் வருவதுதானே என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு முள்ளெலும்பு முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்றும் முறிகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டைத் தேடுங்கள். நம் மலேசியப் பாஸ்போர்ட்டில் உயரம் குறித்திருப்பார்கள். இன்றைய உயரத்தை அதோடு ஒப்பிடுங்கள். 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. சாமி மேடை விளக்கு எட்டவில்லை, சேலையின் முன்பக்கம் தரையில் புரள்கிறது என்று அவரே சொல்லியிருப்பார். நாம்தான் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

தோட்டத்து உழைப்புதான் முதுகை வளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நடையும் சுமையும் எலும்புக்கு உரம். எலும்பைக் கரைப்பது, மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜென் குறைவது. முப்பது வயதுக்குள் சேர்த்த கையிருப்பு அப்போதிலிருந்து வேகமாகக் கரையும்.

அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, முதுகின் பக்கவாட்டு எக்ஸ்ரே வேண்டும் என்று கேளுங்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) -2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புத் தேய்வு (ஆஸ்டியோபோரோசிஸ்) என்பார்கள். ஆனால் சாதாரண அசைவிலேயே முள்ளெலும்பு நசுங்கியது உறுதியானால், ஸ்கேன் எண் எப்படி இருந்தாலும் சிகிச்சை தேவை. காலில் பலம் குறைந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உடற்பயிற்சி என்று யாராவது குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னால் கேட்க வேண்டாம். எலும்புத் தேய்வுள்ள 59 பெண்களை வைத்து 1984-இல் வெளியான ஆய்வில், முன்னோக்கிக் குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்குப் புதிய முறிவுகள் வந்தன. முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தியவர்களில் 16 விழுக்காட்டினருக்கு மட்டுமே. சின்ன ஆய்வுதான். ஆனாலும் அந்த இடைவெளியைப் பார்த்த பிறகு, என்னிடம் வருபவர்களை நான் குனியச் சொல்வதில்லை.

இனி மகள். ஒரு தோள் உயர்ந்து தெரிவது, முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதன் அடையாளமாக இருக்கலாம். புத்தகப்பை தோளை வலிக்கச் செய்யும். முதுகெலும்பைப் பக்கவாட்டில் வளைக்காது. பதின்ம வயதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்த வளைவு வருகிறது. குடும்ப வழிக்கு இதில் ஓரளவு பங்குண்டு, ஆனால் பாட்டியின் கூனோடு இதற்குத் தொடர்பில்லை; அது வேறு நோய். முதுகு தெரியும்படி மகளை நிற்கவைத்து, உள்ளங்கைகளைச் சேர்த்து முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று பாருங்கள். விலாவின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் வளைவு என்றே பெயர். பெரும்பாலானவற்றைக் கவனித்து வந்தால் போதும். வளரும் பருவத்தில் 25 டிகிரியைத் தாண்டினால், உடம்பைச் சுற்றி அணியும் பிரேஸ் போடச் சொல்வார்கள். 2013-இல் வந்த அமெரிக்க-கனடிய ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வளைவு அறுவைசிகிச்சை அளவை எட்டவில்லை. போடாதவர்களில் 48 விழுக்காட்டினருக்குத்தான் அப்படி. ஒரு நாளில் அதிக நேரம் போட்டவர்களுக்குப் பலனும் அதிகம். பூப்பெய்தும் காலத்தையொட்டித்தான் வளைவு வேகமாகக் கூடும் என்பதால் பள்ளி விடுமுறை வரை தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. உடம்புவலிக்கென்று பெயர் தெரியாத ஜாமுவோ (மலாய் நாட்டு மருந்து) மாத்திரையோ அம்மா சாப்பிடுகிறாரா என்று கேட்டுப்பாருங்கள். அப்படி விற்கும் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இங்கே பலமுறை பிடிபட்டிருக்கிறது. வலி மாயமாய்ப் போகும். எலும்பு உள்ளுக்குள் மெலியும். நெடுநாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பாட்டிலை அப்படியே பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.