ரைமிங் பெல்ற் மாத்தின பிறகும் சத்தம் போகேல்லை: கேள்வி பதில்

கிளிநொச்சி: அண்ணை, டொல்பின் வான் (ரொயோட்டா ஹயஸ்), 3எல் டீசல் எஞ்சின். போன கிழமை ரைமிங் பெல்ற் மட்டும் புதுசு போட்டது. அதுக்குப் பிறகு "ஊ..." எண்டு ஒரு இரைச்சல். அக்சிலேற்றர் குடுக்கக் குடுக்கக் கூடுது, சூடானாலும் குறையேல்லை. "புது பெல்ற் எண்டா அப்பிடித்தான், ஓட ஓடச் சரிவரும்" எண்டு கராஜில சொல்லுகினம்.

சரிவராது தம்பி. ரைமிங் பெல்ற் எண்டது கிராங்கையும் (பிஸ்ரன் சுத்துற தண்டு) காமையும் (வால்வைத் திறக்கிற தண்டு) ஒண்டாச் சேத்து ஓட்டுற உள் பெல்ற். ஒண்டில் பெல்ற் அளவுக்கு மிஞ்சி இறுகியிருக்கு, இல்லாட்டி பழைய ரென்சனர் (பெல்ற்றை இறுக்கிப் பிடிக்கிற உருளை) பெயாரிங் புது பெல்ற்றின்ர இழுவையைத் தாங்காமல் கத்துது. ஆனா உடனே முன் கவரைக் கழட்டாதேங்கோ. முதல்ல வெளிப் பெல்ற்றுகளின்ர சத்தமில்லை எண்டு உறுதிப்படுத்தோணும்.

எஞ்சின் ஆறின பிறகு விசிறிப் பெல்ற், ஏசி பெல்ற், பவர் ஸ்ரியரிங் பெல்ற் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஸ்டார்ட் பண்ணுங்கோ. ஒரு நிமிசத்துக்கு மேல ஓடவிட வேண்டாம், இந்த எஞ்சினில வோட்டர் பம்பைச் சுத்துறது விசிறிப் பெல்ற்தான். ஓல்ரனேற்றருக்குப் பின்னால பிரேக் வக்கூம் பம்பும் இருக்கு, பெல்ற் இல்லாமல் வானை எடுத்தா பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகிப் போகும். அதால நிண்ட இடத்திலேயே சோதியுங்கோ. சத்தம் நிண்டிட்டுதெண்டா ஓல்ரனேற்றர், வோட்டர் பம்ப், ஏசி புல்லி இதுகளின்ர பெயாரிங்கைக் கையால சுத்திப் பாருங்கோ. ரைமிங் பெல்ற்றில கை வைக்கத் தேவையில்லை.

சத்தம் அப்பிடியே இருந்தா ரைமிங் பக்கம்தான். நீட்டு ஸ்குறூ ட்ரைவரின்ர நுனியை ரென்சனர் இருக்கிற பக்கத்து எஞ்சின் உலோகத்தில வைச்சு, பிடியைக் காதில வைச்சுக் கேளுங்கோ. பிளாஸ்ரிக் கவரில வைச்சா ஒண்டும் விளங்காது. சீரான ஊளைச் சத்தம் எண்டா இறுக்கம், "கர கர" எண்டா பெயாரிங். சூடேற எஞ்சின் விரியும், பெல்ற் இன்னும் இறுகும். சூட்டில குறையாத உங்கட சத்தத்துக்கு நான் இறுக்கத்தைத்தான் முதல்ல சந்தேகப்படுவன்.

இறுக்கம் எப்பிடி வருகுதெண்டா, ரென்சனரை அலவாங்கு, லீவர் போட்டு நெம்பிப் பிடிச்சுக்கொண்டு போல்ற்றைப் பூட்டுறதால. அந்த வேலைக்கெண்டு ஒரு ஸ்பிரிங் இருக்கு. புல்லிகளின்ர மார்க் (பொருத்திற குறி) எல்லாம் சரியாக இருக்கேக்க ரென்சனர் போல்ற்றுகளை இளக்கி ஸ்பிரிங்கை இழுக்க விடோணும். கிராங்க் போல்ற்றில சொக்கற் போட்டு, எஞ்சின் ஓடுற திசையில கையால இரண்டு முழுச் சுற்று சுத்தோணும், பின்பக்கம் திருப்பக்கூடாது. பிறகுதான் போல்ற்றை இறுக்கோணும். குளோ பிளக்கை (ஸ்டார்ட்டுக்கு எஞ்சினைச் சூடாக்கிற பிளக்) கழட்டினா சுத்த லேசு. சுத்தேக்க எங்கையாவது இரும்பில இரும்பு முட்டின மாதிரி நிண்டா பலம் போடாதேங்கோ, அது வால்வ் பிஸ்ரனில முட்டுது.

பெல்ற்றைக் கழட்டினா ரென்சனரை விரலால ஒருக்கால் சுண்டிவிடுங்கோ. நல்ல பெயாரிங் கிறீஸ் பிடிச்சு, கொஞ்சம் மந்தமா, சத்தமில்லாமல் சுத்தி நிக்கும். சைக்கிள் சில்லு மாதிரி சர்ரெண்டு நெடுநேரம் சுத்தினா கிறீஸ் காய்ஞ்சு போச்சு. பெல்ற்றோட ரென்சனர், ஸ்பிரிங், கிராங்க் சீல், காம் சீல் எல்லாம் சேத்து மாத்திறதுதான் கணக்கு. கூலி ஒண்டுதான், பெயாரிங் விலையை மிச்சம் பிடிச்சா இரண்டாந்தரமும் கூலி குடுக்கோணும்.

முல்லைத்தீவு: டெலிக்கா வான், 4டி56 டீசல் எஞ்சின். பெல்ற் மாத்தின பிறகு 2,000 ஆர்பிஎம்முக்கு மேல போனா உடம்பு முழுக்க அதிருது, ஒரு முழக்கமும் கேக்குது. எஞ்சின் மவுண்டிங் மாத்தியும் சரிவரேல்லை.

மவுண்டிங்கில பிழை இல்லை. இந்த எஞ்சினில இரண்டு பெல்ற். பெரியது காமையும் டீசல் பம்பையும் ஓட்டும். உள்ளுக்குள்ள இருக்கிற சின்னது பலன்ஸ் சாவ்ற்றுகளை ஓட்டும். அதுகள் கிராங்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில சுத்தி அதிர்வை அடக்கிறதுகள். மார்க் விலகினா அதுகளே அதிர்வைக் கூட்டும். மெதுவா ஓடேக்க பெரிசாத் தெரியாது, வேகத்திலதான் தெரியும். வண்டி இழுவையும் புகையும் சரியாக இருந்து அதிர்வு மட்டும் புதுசா வந்திருந்தா, முதல்ல பார்க்கவேண்டியது சின்ன பெல்ற்றின்ர கிராங்க் மார்க்கும் இரண்டு சாவ்ற் புல்லி மார்க்கும்.

சின்ன பெல்ற்றை மாத்தாமல் விட்டிருந்தா இப்ப மாத்துங்கோ. அது அறுந்தா துண்டு பெரிய பெல்ற்றுக்குள்ள போய் அதையும் தள்ளிவிடும், பிறகு ரொக்கர் (வால்வை அமத்திற கை) உடையும். ஹெட் பக்கம் "டிக் டிக்" எண்டும் கேட்டா, எஞ்சின் சூடாக இருக்கேக்க வால்வ் இடைவெளி 0.25 மி.மீ. இருக்கோ எண்டு பாக்கோணும்.

மல்லாவி: டீசல் வான். காலமை ஸ்டார்ட் பிடிக்கச் சுணங்குது, வெள்ளைப் புகை, நெல் மூட்டை ஏத்தினா இழுவை இல்லை. பெல்ற் மாத்த முதல் இப்பிடி இல்லை அண்ணா.

டீசல் பம்ப் எஞ்சினுக்கு டீசலைப் பிந்தி அடிக்குது. பம்ப் புல்லி ஒரு பல் விலகியிருக்கும், இல்லாட்டி பம்பை இளக்கினவை பழைய கீறலில திருப்பி வைக்கேல்லை. கிராங்க் புல்லியில 24 பல் எண்டா ஒரு பல் 15 பாகை. பம்பைத் திருப்பிச் சரிசெய்யிறது சில பாகைக்குத்தான், ஒரு பல் பிழையை அதால மறைக்க ஏலாது. மார்க்கைத் திரும்பப் பிடிக்கிறதுதான் வழி. பம்ப் முந்தி அடிச்சா இதுக்கு மாறா, புகையில்லாமல் "டங் டங்" எண்டு சுத்தியலால அடிச்ச மாதிரி இறுகின சத்தம் வரும். அது பிஸ்ரனுக்குக் கூடாது.

கவரைத் திறக்க முதல் கைப் பம்பை அடிச்சு டீசல் லைனில காத்து இல்லையெண்டு பாருங்கோ. வேலை செய்யேக்க ஹோஸ் கழண்டிருந்தாலும் இதே குணம் காட்டும்.

மாங்குளம்: கொறோலா, 5ஏ பெற்றோல். "சர் சர்" எண்டு உரசுது.

கிராங்க் புல்லிக்கு முன்னால ஒரு தட்டு வளையம் வரும், பெல்ற்றின்ர விளிம்பைக் காக்க. அதின்ர குழிஞ்ச பக்கம் வெளியால பாக்கோணும். மாறிப் போட்டா விளிம்பை அரிக்கும், கவருக்குள்ள கறுப்புத் தூள் கிடக்கும். அடுத்தது கீழ்க் கவர். போல்ற் உடைஞ்சுது எண்டு கவரையே விட்டிட்டு அனுப்புறவையும் இருக்கினம். கொழும்பு றோட்டில ஓடேக்க தப்பும், நெடுங்கேணிப் பக்கத்துக் கிரவல் றோட்டுத் தூசி பல்லுக்குள்ள போனா பெல்ற் தேயும்.

வவுனியா: ஓல்ரோ கார். மழைக்காலத்தில ஸ்டார்ட் பண்ணேக்க கீச்செண்டு கத்தி நிக்குது.

வெளிப் பெல்ற். ஓடேக்க கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்கோ, சாரம், கைநீட்டுச் சேட்டு ஒண்டும் விசிறிக்குக் கிட்டப் போகாமல். தண்ணி பட்டதும் கீச்சல் கூடினா பெல்ற் இளக்கம். கொஞ்சம் அடங்கித் திரும்ப வந்தா புல்லிகள் நேர்கோட்டில இல்லை.

ஒட்டுசுட்டான்: தங்கச்சி ஒராளின்ர கேள்வி ஐயா. ஹயஸ் வானில பெல்ற் மாத்தியும் டாஷ்போட்டில ரி-பெல்ற் லைற் எரியுது. பிழையாப் போட்டிட்டினமோ?

இல்லைப் பிள்ளை. அந்த லைற்றுக்குப் பெல்ற்றின்ர நிலை தெரியாது, மீற்றர் கிலோமீற்றர் கணக்கைப் பாத்துத்தான் எரியுது. மாத்தினவையிட்டயே அந்த லைற்றை ரீசெற் பண்ணித் தரச் சொல்லுங்கோ.

பரந்தன்: அறுவடை நேரம், வான் நிண்டா நட்டம். சத்தத்தோட ஓடலாமோ?

எந்தச் சத்தம் எண்டதைப் பொறுத்தது. கவர் கிலுங்கிற சத்தம் பொறுக்கும். ஸ்டார்ட்டில மட்டும் வாற வெளிப் பெல்ற் கீச்சலும் சில நாள் பொறுக்கும், ஆனா சூட்டு மீற்றரில கண் இருக்கோணும். பெயாரிங் "கர கர" பொறுக்காது, அது இறுகினா பெல்ற்றின்ர பல்லுப் பிடுங்கும். பெல்ற் கவரில "பட பட" எண்டு அடிச்சாலும் ஓடாதேங்கோ, பல் தாவப் போகுது. வானை மெதுவா ஓடவிட்டு நிக்கேக்க முன்பக்கம் அடியில "டொக் டொக்" எண்டு கேட்டு, கிராங்க் புல்லியும் தள்ளாடினா அந்த நிமிசமே நிப்பாட்டுங்கோ. கிராங்க் போல்ற் சரியா இறுக்கேல்லை. இன்னும் ஓடினா சாவிக்கட்டையும் (புல்லியைக் கிராங்கில பூட்டுற சின்னக் கட்டை) அது இருக்கிற கிராங்க் காடியும் தேஞ்சுபோம், பிறகு போல்ற்றை இறுக்கிச் சரிப்படுத்த ஏலாது, கிராங்க் சாவ்ற்றே மாத்தோணும்.