போர்டு போகவில்லை, பேட்டரிதான் போயிருக்கிறது

கேள்வி: எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு மாதமாகக் காலையில் ஆன் செய்தால், விண்டோஸ் வருவதற்கு முன்பே கறுப்புத் திரையில் நாலு வரி வந்து எஃப்1 அழுத்தச் சொல்லி நின்றுவிடுகிறது. அழுத்தினால் திறக்கிறது, ஆனால் தேதி 2016 என்று காட்டுகிறது, பேங்க் வெப்சைட்டும் திறப்பதில்லை. அதே சமயத்தில் வயர் இல்லாத மவுஸும் தத்தித் தத்திப் போக ஆரம்பித்துவிட்டது. மகன் வாங்கிக் கொடுத்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டோ பார்க்கும்போது ரொம்ப மோசம். வந்து பார்த்த மெக்கானிக் “மதர்போர்டு போச்சு சார், புதுசா வாங்கிடுங்க” என்கிறார். வைரஸாக இருக்குமோ?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, இப்போதைக்கு பீரோவைத் திறக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, போர்டும் போனதாகத் தெரியவில்லை. இரண்டு கோளாறு சேர்ந்து வந்தால் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும், மெக்கானிக்குக்கும் தோன்றியிருக்கிறது. உங்கள் வீட்டில் நடப்பது ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இரண்டு விஷயம்.

முதலில் காலை விவகாரம். மதர்போர்டில் பழைய ஐம்பது காசு அளவில் வட்டமாக ஒரு பேட்டரி செருகியிருக்கும், 3 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் தேதி, நேரம் ஓடிக்கொண்டிருப்பது அதன் தயவில்தான். அது தீர்ந்துவிட்டால் ராத்திரியோடு எல்லாம் மறந்துபோகும், காலையில் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழுந்து கம்ப்யூட்டரைத் தயார்செய்யும் புரோகிராம்) தனக்குத் தெரிந்த பழைய தேதியில் போய் நின்றுகொண்டு “சரிபார்த்துவிட்டு எஃப்1 அழுத்து” என்று கேட்கும். பேங்க் வெப்சைட் திறக்காததும் இதனால்தான். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று ஒரு சான்றிதழைக் காட்டும், பிரவுசர் அதைக் கம்ப்யூட்டரின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். 2016-ல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு இந்த வருஷத்துச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே, எப்படி ஒத்துக்கொள்ளும்?

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். இன்று தேதியைச் சரிசெய்துவிட்டு, ஷட் டவுன் செய்த பிறகு சுவர் ஸ்விட்ச்சை மட்டும் அணைக்காமல் ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை உள்ளே கொஞ்சம் கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும், கடிகாரம் அதில் பிழைத்துக்கொள்ளும் (இடி மின்னலுக்குப் பயந்து தினமும் ராத்திரி அணைத்துவிடுகிறோமே, அப்போதுதான் முழுப் பாரமும் பேட்டரி தலையில் விழுகிறது). மறுநாள் காலை தேதி சரியாக இருந்தால் குற்றவாளி பேட்டரிதான், சந்தேகமே இல்லை.

கடையில் சிஆர் 2032 என்று கேளுங்கள். அந்த எண்ணில் 20 என்பது மில்லிமீட்டரில் அதன் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் கனம். சிஆர் 2025, சிஆர் 2016 என்று இதே வட்டத்தில் மெலிசாகவும் கிடைக்கும், “இதுவும் அதேதான்” என்று கடைக்காரர் எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள், பிடிப்பில் ஒழுங்காக உட்காராது. மாற்றுவதற்கு ஸ்விட்ச்சை அணைத்தால் மட்டும் போதாது, பின்பக்க பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை ஒரு பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் நாம் எல்லாரும் சிபியு என்று சொல்லும் அந்தப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளே இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டு கையை வையுங்கள். பேட்டரியின் ஓரத்தில் சின்னதாக ஒரு கிளிப் இருக்கும், நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானாக எம்பி வரும். புதியதைக் கூட்டல் குறி உங்களைப் பார்த்தபடி வைத்து அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். ஆன் செய்ததும் டெலிட் பட்டனை விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருந்தால் (சில போர்டுகளில் எஃப்2) பயாஸ் திறக்கும், அங்கே தேதியைச் சரிசெய்து சேமித்துவிடுங்கள்.

பழைய பேட்டரியை மேஜையில் போட்டு வைக்காதீர்கள். சின்னக் குழந்தை விழுங்கி அது தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

இனி மவுஸ். சிபியுவின் பின்னால் குனிந்து பாருங்கள், ஹார்ட் டிஸ்க் கேபிள் உள்பக்கம் நீல நிறமாக இருக்கும் துளையில் செருகியிருக்கும், அதற்குப் பக்கத்துத் துளையிலேயே மவுஸின் குட்டி ரிசீவர் இருக்கும். சரிதானே? நீலம் என்றால் பெரும்பாலும் யுஎஸ்பி 3.0. அதில் டேட்டா வேகமாக ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரேடியோ இரைச்சல் கிளம்பும், வயர் இல்லாத மவுஸ்கள் பேசிக்கொள்வதும் அதே அலைவரிசையில்தான். கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போன் பேசுவது மாதிரி. இது என் கற்பனை இல்லை, இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ரிசீவரைப் பிடுங்கி முன்பக்கத் துளையில் செருகுங்கள், முன்பக்கம் இடம் இல்லாவிட்டால் ஒரு முழ நீளத்துக்கு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி ரிசீவரை மேஜைமேல் கொண்டுவந்து வையுங்கள். செலவு அவ்வளவுதான். அப்படியும் தத்தினால் மவுஸின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

மெக்கானிக் பக்கம் ஒரே ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ் 10 என்றால், அதற்கான வழக்கமான ஆதரவை (பாதுகாப்பு அப்டேட்களை) மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது, ஒன்பது வருஷத்துப் பெட்டி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறுவதும் கஷ்டம். பேங்க் வேலையை மட்டும் வேறு கருவிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்காகப் போர்டு போய்விட்டது என்று சொல்வது சரியில்லை.

கேள்வி: தினமும் ஒழுங்காக ஷட் டவுன்தான் செய்கிறேன், ஆனாலும் கம்ப்யூட்டர் மந்தம். ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் சுறுசுறுப்பாகிறது. இரண்டும் ஒன்றுதானே?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஒன்றில்லை அம்மா. விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து, ஷட் டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்கள்தான் மூடும், விண்டோஸின் அடிப்பாகம் அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அதே நிலையில் எழுந்து வரும். சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று பெயர். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், திறக்கக் கொஞ்சம் நேரம் கூடுதலாகும், பரவாயில்லை.

கேள்வி: ஒரு தடவை கிளிக் செய்தால் இரண்டு தடவையாக எடுத்துக்கொள்கிறது. மவுஸின் டிரைவர் புரோகிராமை அழித்துப் புதிதாகப் போட்டும் அப்படியே.
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: டிரைவரை விடுங்கள் தம்பி, பட்டனுக்கு அடியில் இருக்கும் குட்டி ஸ்விட்ச்சின் தகடு தேய்ந்துவிட்டது. அழுத்தும்போது அது ஒருமுறை தொடுவதற்குப் பதில் துள்ளித் துள்ளித் தொடுகிறது. நண்பரின் கம்ப்யூட்டரில் இதே மவுஸை மாட்டிப் பாருங்கள், அங்கேயும் இப்படித்தான் செய்யும். சால்டரிங் தெரிந்தால் ஸ்விட்ச்சை மட்டும் மாற்றலாம், தெரியாவிட்டால் புது மவுஸ்.

கேள்வி: வேலைக்கு நடுவே மவுஸ் செத்துவிட்டால் சுவர் ஸ்விட்ச்சை அணைப்பதைத் தவிர வேறு வழி உண்டா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு. கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தி வேலையைச் சேமியுங்கள், விண்டோஸ் பட்டனும் டி-யும் சேர்த்து அழுத்தி டெஸ்க்டாப்புக்கு வாருங்கள், ஆல்ட் பட்டனும் எஃப்4-உம் சேர்த்து அழுத்தினால் ஷட் டவுன் கேட்கும் பெட்டி வரும், அப்புறம் என்டர்.