மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள் இருந்தால் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. மாமனார் 50 வயதிலேயே மாரடைப்பில் தவறிவிட்டார். காரைக்குடியில் கொடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 190, எச்.டி.எல். 36, டிரைகிளிசரைடு 240, எல்.டி.எல். 106, எச்எஸ்-சிஆர்பி 12. "200-க்குள்தானே, பயமில்லை" என்கிறார். முந்தின நாள் கல்யாண விருந்து, சளியும் இருந்தது. இன்னும் ஏதாவது பார்க்கணுமா டாக்டர்?
- வாசகி, தேவகோட்டை

பதில்: அந்த 190-ஐ மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம் அம்மா. அதில் நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல். 36-ஐக் கழியுங்கள், மீதி 154. ரத்தக்குழாயில் படியக்கூடிய கொலஸ்ட்ரால் முழுவதும் இதில் அடக்கம். 130-க்குள் இருப்பது நல்லது.

கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். 106 என்பது நேரடியாக அளந்ததல்ல, கூட்டிக் கழித்துப் போட்டது. ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடை 5-ஆல் வகுத்தால் 48. 154-இல் அதைக் கழித்தால் 106. டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டும். 400-ஐத் தாண்டினால் செல்லவே செல்லாது. இப்படிப்பட்டவர்களுக்கு அப்போ-பி பரிசோதனை உதவும். கெட்ட கொழுப்புத் துகள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு அப்போ-பி புரதம் இருப்பதால், துகள்களின் எண்ணிக்கையே தெரிந்துவிடும். 130 மி.கி.யும் அதற்கு மேலும் ஆபத்துக் கணக்கில் சேரும்.

உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி 12-ஐ இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் சளி, காய்ச்சல், புண் காரணமாக இருக்கும். உடம்பு தேறி 2, 3 வாரம் கழித்து எடுங்கள்: 1-க்குக் கீழ் நல்லது, 3-க்கு மேல் கவனம் தேவை. கறி விருந்தும் கந்தரப்பமும் சாப்பிட்ட மறுநாள் டிரைகிளிசரைடு பார்ப்பதும் சரியல்ல. சில நாள் வழக்கமான சாப்பாடு, மது கூடவே கூடாது, பிறகு 10 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு. தண்ணீர் குடிக்கலாம்.

உங்கள் வீட்டில் அவசியம் பார்க்க வேண்டியது எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகளான லைப்போபுரோட்டீன்-ஏ. ஆண்களுக்கு 55 வயதுக்கு முன் வரும் மாரடைப்பைக் குடும்ப வரலாறாகவே எடுத்துக்கொள்கிறோம். லைப்போபுரோட்டீன்-ஏ அளவு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பத்தியமோ நடைப்பயிற்சியோ இதைப் பெரிதாகக் குறைக்காது. வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பொதுவாகப் போதும். 50 மி.கி. அல்லது 125 நானோமோல், அதற்கு மேல் என்றால் அதிகம். ஓர் அலகை இன்னொன்றாக மாற்றிக் கணக்குப் போடாதீர்கள், சரிவராது. லேபில் அப்போ-ஏ1 என்று மாற்றி எடுத்துவிடாமல் சீட்டைச் சரிபாருங்கள், அது வேறு.

லைப்போபுரோட்டீன்-ஏ அதிகமாக வந்தால் எல்.டி.எல்.லை இன்னும் கீழே இறக்க வேண்டும். மாத்திரை தேவையா என்பதை ரத்த அழுத்தம், எச்பிஏ1சி (மூன்று மாத சர்க்கரை சராசரி), புகைப்பழக்கம் எல்லாம் சேர்த்துப் பார்த்து உங்கள் டாக்டர் முடிவு செய்வார். கணவரின் உடன்பிறந்தவர்களும் உங்கள் பிள்ளைகளும்கூட இந்தப் பரிசோதனையை எடுத்துக்கொள்ள வேண்டும்.