ஈ.ஆர்.சி.பி.க்கு மயக்க மருந்து: கேள்விகளும் பதில்களும்

மாலா: அப்பாவுக்குப் பித்தநாளத்தில் கல். எண்டோஸ்கோப்பிதானே, மயக்கம் எதற்கு டாக்டர்?

பதில்: வயிற்றைப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி சில நிமிடங்களில் முடிந்துவிடும், அம்மா. அப்பாவுக்குச் செய்யும் ஈ.ஆர்.சி.பி.யில் சிறுகுடல் வரை குழாயை இறக்கி, எக்ஸ்ரேயில் பார்த்தபடி பித்தநாள வாயை மின்கம்பியால் கீறிக் கல்லை எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கீறும் நேரத்தில் நோயாளி அசைந்தால் ஆபத்து.

செல்வம்: மூச்சுக்காகத் தொண்டையில் ட்யூப் போடுவார்களா?

பதில்: எல்லோருக்கும் இல்லை. பலருக்கு புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை நரம்பில் கொடுத்து, அவர்களே மூச்சுவிடும்படி பார்த்துக்கொள்கிறோம். வாந்தி எடுப்பவர், வயிற்றில் நீர் கோத்தவர், ரொம்பப் பருமனானவர், தூக்கத்தில் மூச்சு நின்றுபோகிறவர், பித்தநாளத்தில் சீழ் பிடித்து பிரஷர் இறங்கியவர், இவர்களுக்கெல்லாம் ட்யூப்தான் பாதுகாப்பு.

ரவி: காலையில் காபி குடிக்கலாமா?

பதில்: பால் கலந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு. 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. சர்க்கரைக்கோ எடை குறைக்கவோ செமாக்ளூடைட் ஊசி போடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்.

பாஸ்கர்: எண்டோஸ்கோப்பி யூனிட்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் டாக்டரே மிடசோலாம் என்ற தூக்க மருந்தைக் கொடுத்துச் செய்துவிடுகிறார். விரல் கருவியில் ஆக்சிஜன் 100 காட்டுகிறது. தனியாக மயக்க டாக்டர் வீண் செலவில்லையா?

பதில்: அந்த 100-ஐ நம்பாதீர்கள். மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது, மூச்சு நின்ற பிறகும் சில நிமிடம் அந்த எண் இறங்காமலே இருக்கலாம். வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை அளக்கும் கருவிதான் கேப்னோகிராப். மூச்சு நின்றால் அதன் கோடு சில நொடியிலேயே படுத்துவிடும்.

பாஸ்கர்: நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாலே தெரியுமே?

பதில்: எங்கே பார்ப்பீர்கள்? எக்ஸ்ரே திரைக்காக விளக்கைக் குறைத்திருக்கிறார்கள். நோயாளி குப்புறக் கிடக்கிறார், நெஞ்சு மெத்தையில். வாயை எண்டோஸ்கோப் அடைத்திருக்கிறது. உங்கள் டாக்டரின் கண் முழுக்கத் திரையில். மூச்சை மட்டும் கவனிக்க ஓர் ஆள் வேண்டாமா?

பாஸ்கர்: மிடசோலாமை முறிக்கும் மருந்து இருக்கிறதே?

பதில்: ஃப்ளூமாசெனில் இருக்கிறது, சரி. மூச்சு நின்றதைக் கண்டுபிடித்தால்தானே அதைப் போடுவீர்கள்? புரோபோஃபாலுக்கோ அதுவும் கிடையாது. முதலில் கேப்னோகிராப் வாங்கச் சொல்லுங்கள்.

சுமதி: காலையில் ஒரு டீ மட்டும்?

பதில்: ரவிக்குச் சொன்னதுதான். பால் டீயும் அதே 6 மணி நேரம். குடித்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். தள்ளிவைக்கலாம், அவசரமென்றால் ட்யூப் போட்டுச் செய்யலாம்.

கணேசன்: நேற்றுச் செய்தார்கள். இன்று மேல்வயிறு வலித்து முதுகுக்குப் போகிறது. மயக்க மருந்தாலா?

பதில்: இல்லை. ஈ.ஆர்.சி.பி.க்குப் பிறகு சிலருக்கு வரும் கணைய அழற்சியாக இருக்கலாம். எதுவும் சாப்பிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.