கேள்வி - பதில்: பிஸ்டல் தோட்டாவுக்கு எந்தப் பவுடர், எவ்வளவு?

கேள்வி: ஐயா, டெக்சஸில் இருக்கிறேன். கையில் ஒரு .38 ஸ்பெஷல் ரிவால்வர். கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. சுட்டு முடித்த தோட்டாக்களின் காலிக் கூடுகளைச் சேர்த்துவைத்து வீட்டிலேயே நிரப்பப் போகிறேன். ஒரு பவுண்டில் எந்தப் பவுடர் (துப்பாக்கி மருந்து) அதிகத் தோட்டா தருமோ அதையே வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். கேட்கலாமா?

பதில்: கடைக்காரரின் கணக்கில் தப்பில்லை. ஒரு பவுண்டு 7,000 கிரெயின். தோட்டாவுக்கு 4 கிரெயின் பிடித்தால் 1,750 தோட்டா வரும். 6 கிரெயின் பிடித்தால் 1,166. (கணக்குக்காகச் சொன்ன எண்கள் இவை. இதை வைத்து யாரும் நிரப்பிவிடாதீர்கள்.) பவுண்டு 40 டாலர் என்று வைத்துக்கொண்டால் முதலாவதில் தோட்டாவுக்கு 2.3 சென்ட், இரண்டாவதில் 3.4 சென்ட். மிச்சம் ஒரு சென்ட் சொச்சம். அதற்காகப் புதிதாகத் தொடங்குகிறவர் டைட்குரூப், புல்ஸை மாதிரி துளியூண்டு போதும் என்கிற, வேகமாக எரியும் பவுடரில் கைவைக்க வேண்டாம் என்பது என் கட்சி.

காரணம் உங்கள் தோட்டாவின் வயது. .38 ஸ்பெஷல் 1898 வாக்கில் கரிமருந்துக் காலத்தின் வால்பகுதியில் பிறந்தது. இடத்தை அடைக்கும் கரிமருந்துக்கு ஏற்ற நீளத்தில் கூடு அமைந்தது. இன்றைய புகையில்லாப் பவுடர் அதே கூட்டின் அடியில் கொஞ்சம் கிடக்கும், மேலே எல்லாம் காலி. பவுடர் அளந்து கொட்டும் கருவியின் கைப்பிடியை இழுத்தோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை இழுத்தால், இரண்டாவது அளவும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். மேலே குண்டும் இடிக்காமல் உட்காரும். அமெரிக்கத் தோட்டாக்களுக்குத் தரம் வகுக்கும் 'சாமி' என்ற தொழில் அமைப்பு .38 ஸ்பெஷலுக்கு வைத்திருக்கும் அழுத்த வரம்பு 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). இரட்டை மருந்து அதை எங்கே கொண்டுபோகும் என்று சோதித்துப் பார்ப்பது உங்கள் விரல்களின் வேலையல்ல.

ஆகவே முதல் டப்பா இடத்தை அடைக்கிற பவுடராக இருக்கட்டும். இரண்டு தடவை விழுந்தால் வழியவேண்டும், இல்லையென்றால் விளிம்புவரை ஏறிக் கண்ணில் படவேண்டும். யுனிக் இந்த ரகத்தில் பழைய பெயர். அதற்கும் ஒரு குறை உண்டு: பெரிய சில்லுகளாக இருப்பதால் அளவைக் கருவியிலிருந்து ஒரே சீராக விழாது. சீராக விழுவதும் இடத்தை அடைப்பதும் ஒரே பவுடரில் கிடைப்பது அபூர்வம். தொடங்குகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். சீரின்மையைத் தராசு காட்டிக்கொடுத்துவிடும். எந்தப் பவுடரானாலும், குண்டு வைக்குமுன் கூடுகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி, நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பாருங்கள்.

வாங்கும் வரிசையும் முக்கியம். முதலில் ஒரு ரீலோடிங் (தோட்டா நிரப்பும்) கையேடு, பிறகு குண்டு, கடைசியில் அந்தக் குண்டுக்கு அதன் மருந்தளவு அட்டவணையில் உள்ள பவுடர். பலர் பவுடரை வாங்கி வந்துவிட்டு அதற்குத் தோதான அட்டவணையைத் தேடி அலைகிறார்கள். ஹாட்ஜ்டன் போன்ற தயாரிப்பாளர்கள் அட்டவணைகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே பார்க்கும்போது எச்.பி-38, வின்செஸ்டர் 231 இரண்டும் ஒரே பவுடர்தான், டப்பாதான் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 9 மி.மீ.க்கு நிரப்புகிறேன். அட்டவணையில் இருப்பது 124 கிரெயின் ஜாக்கெட் (செம்பு உறை போட்ட) குண்டு. என்னிடம் இருப்பது வேறு கம்பெனியின் 124 கிரெயின் பிளேட்டட் (மெல்லிய செம்பு முலாம் பூசிய) குண்டு. எடை ஒன்றுதானே? இன்னொன்று: அட்டவணையில் தொடக்க அளவு, உச்ச அளவு என இரண்டு எண் இருக்கிறது. போட்டிக்குப் போகிறவன் நான், எதை எடுப்பது?

பதில்: எடை ஒன்று, வடிவம் வேறு. 9 மி.மீ. கூடு சின்னது. குண்டின் மூக்கு மொட்டையாக இருந்தால் அதே மொத்த நீளத்தில் அதன் அடிப்பாகம் கூட்டுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். மருந்து எரிகிற இடம் சுருங்கும், அழுத்தம் எகிறும். வரம்பே 35,000 பி.எஸ்.ஐ. என்பதால் விளையாட இடம் குறைவு. குண்டுத் தயாரிப்பாளரே அட்டவணை தந்திருந்தால் அதுதான் முதல் சாட்சி. தரவில்லையென்றால் எந்த அட்டவணையைப் பின்பற்றலாம் என்று அவரையே கேளுங்கள். அட்டவணை சொல்லும் மொத்த நீளத்துக்குக் கீழே அழுத்தாதீர்கள். பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்) மாறினாலும் பவுடரின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினாலும் மறுபடி கீழேயிருந்துதான்.

தொடக்க அளவு என்று அச்சிட்டிருப்பதே அங்கே தொடங்கச் சொல்லித்தான். அந்த அளவில் பத்து, கொஞ்சம் ஏற்றிப் பத்து என்று தனித்தனி டப்பாவில் எழுதிவைத்து ரேஞ்சுக்கு எடுத்துப்போங்கள். தொடக்க அளவில் சில பிஸ்டல்களின் ஸ்லைடு (சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகம்) முழுசாகப் பின்னால் போகாது, கூடு மாட்டிக்கொள்ளும். சரியாக இயங்கி, இலக்கில் குண்டுத் துளைகளும் நெருக்கமாக விழுகிற இடம் வந்தால் அங்கேயே நின்றுவிடலாம். அது பெரும்பாலும் உச்சத்துக்குக் கீழேயே வந்துவிடும். பிரைமர் தட்டையாகிறதா என்று பார்த்து அழுத்தத்தைக் கணிப்பது பிஸ்டலில் நம்பகமான வழியல்ல. அது தெரிவதற்குள் வரம்பைத் தாண்டியிருக்கலாம்.

போட்டிக்கென்றால் எண் தெளிவாகவே இருக்கிறது. யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டி அமைப்பில் மைனர் பிரிவுக்குக் குறைந்தபட்சப் பவர் ஃபேக்டர் 125. குண்டின் எடையை விநாடிக்கு எத்தனை அடி வேகம் என்பதால் பெருக்கி 1,000ஆல் வகுப்பதுதான் அது. 124 கிரெயின் குண்டு 1,050 அடியில் போனால் 130.2 வருகிறது; போதும். வேகத்தை அளக்க ஒரு குரோனோகிராஃப் என்ற கருவி வேண்டும். உச்ச அளவுக்குத் துரத்துவதைவிட அதற்குச் செலவழிப்பது மேல்.

அதே சமயம், அளவைக் குறைப்பதெல்லாம் பாதுகாப்பு என்றும் நினைக்காதீர்கள். மருந்து போதாமல் போனால் 'டப்' என்பதற்குப் பதில் நமத்த பட்டாசுபோல 'புஸ்' என்று கேட்கும், குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கும். அடுத்ததைச் சுட்டால் குழல் பிதுங்கும், சில வேளை வெடிக்கும். சத்தம் மாறினால் உடனே நிறுத்தி, தோட்டாக்களைக் கழற்றிக் குழலைப் பாருங்கள். மேக்னம் ரிவால்வருக்கான எச்-110 போன்ற மெதுவான பவுடரை அட்டவணைக்குக் கீழே குறைக்கவே கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார்.

கேள்வி: நகை நிறுக்கும் டிஜிட்டல் தராசு மலிவாகக் கிடைக்கிறது. போதுமா?

பதில்: 0.01 கிராம்தான் காட்டும் என்றால் அது 0.15 கிரெயின். நமக்கு வேண்டியது 0.1 கிரெயின் துல்லியம். கிராம், கிரெயின் பொத்தான் தவறுதலாக அழுந்திவிடுகிற தராசும் வேண்டாம்; ஒரு கிராம் 15.4 கிரெயின். கிரெயினிலேயே காட்டும் ரீலோடிங் தராசும், சரிபார்க்கும் எடைக்கல் ஒரு செட்டும் வாங்குங்கள். மின்விசிறிக் காற்றும் பக்கத்தில் வைத்த செல்போனும் எண்ணை ஆட்டும். பழைய கைத்தராசு மெதுவானது, ஆனால் பேட்டரி தீராது.

கேள்வி: பக்கத்து வீட்டு கராஜ் சேலில் பாதி பவுடரோடு டப்பா, 5 டாலர்.

பதில்: வேண்டாம். லேபிளில் இருப்பதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு யார் சாட்சி? திறந்து மோந்தால் அமில நெடி, செம்பழுப்புத் தூசி இருந்தால் பவுடர் கெட்டே போயிருக்கிறது. இணையத்தில் வாங்கினால் அபாயப் பொருள் கட்டணம் தனியாக விழும். அது பார்சலுக்கு ஒருமுறைதான் என்பதால் நண்பர்களோடு சேர்ந்து ஆர்டர் போடுங்கள், இல்லையேல் உள்ளூர்க் கடையில் ஒரு பவுண்டு வாங்குங்கள். வாங்கிய டப்பாவை விட்டு வேறு பாட்டிலுக்கு மாற்ற வேண்டாம்.

கேள்வி: நான் கிரீன் கார்டு. ஹெச்-1பியில் வந்திருக்கும் தம்பி எங்களோடுதான் தங்கியிருக்கிறான். பவுடர் வாங்கிவர அவனை அனுப்பலாமா? நிரப்பியதில் கொஞ்சம் நண்பர்களுக்கு விற்கலாமா?

பதில்: தம்பியை அனுப்பாதீர்கள். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் ஹெச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. பலர் கவனிக்காத இடம் இது: அந்தச் சட்டத்தின் பார்வையில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டுமல்ல. கூடு, பிரைமர், குண்டு, துப்பாக்கிக்கான பவுடர் எல்லாமே அதில் அடக்கம். ஆகவே பெஞ்சும் டப்பாக்களும் பூட்டிய அறையில் இருக்கட்டும், சாவி உங்களிடம் இருக்கட்டும். விதிவிலக்கு அவருக்குப் பொருந்துமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விசா போனால் திரும்ப வாங்குவது கடினம்.

சொந்த உபயோகத்துக்கு நிரப்ப உரிமம் தேவையில்லை. தொழிலாக விற்பதற்கு உரிமம் தேவை. நண்பர் துப்பாக்கியில் ஏதாவது ஆனால் பதில் சொல்லவேண்டியவரும் நீங்கள்தான். ரீலோடு செய்த தோட்டாவால் வந்த சேதத்துக்குப் பல துப்பாக்கிக் கம்பெனிகள் வாரண்டி தருவதில்லை. நண்பருக்கு ஆசையென்றால் அவரையே ஒரு பிரஸ் (தோட்டா நிரப்பும் இயந்திரம்) வாங்கச் சொல்லுங்கள்.