தொட்டிக்கு வந்ததும் சிவப்புச் செடி பச்சையாவது ஏன்?

கேள்வி: வீட்டில் 2 அடி நீள மீன் தொட்டி, சுமார் 60 லிட்டர். அடியில் சாதாரண மணல், மேலே ஒரு வெள்ளை எல்இடி, உள்ளே ஸ்பாஞ்ச் ஃபில்டர். நியான் டெட்ராவும் கப்பிகளும் இருக்கின்றன. வாங்கும்போது செக்கச்செவேலென்று இருந்த ரோட்டாலா சில வாரங்களில் பச்சையாகிவிட்டது. பெயர் தெரியாமல் வாங்கிய இன்னொரு சிவப்புச் செடி அடியிலிருந்து அழுகி வருகிறது. இரும்புச் சத்து திரவம் ஊற்றிப் பார்த்தேன், பாசிதான் வளர்ந்தது. செடிகளுக்கு கார்பன் டை ஆக்சைடு கொடுக்கும் சிலிண்டர் வைக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. சிவப்புச் செடி ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விட வேண்டாம். செடியை மாற்றுங்கள், இரும்புச் சத்து பாட்டிலை மூடி வையுங்கள்.

சிவப்புச் செடிகளில் இரண்டு ரகம் உண்டு. பிறவியிலேயே சிவப்பு ஒரு ரகம். சூழ்நிலை அமைந்தால் மட்டும் சிவப்பது இன்னொன்று. உங்கள் ரோட்டாலா இரண்டாவது ரகம். அதன் சிவப்புக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி. வெளிச்சம் அளவுக்கு மீறி அடிக்கும்போது இலைக்குள் இருக்கும் பச்சையம் பாதிக்கப்படாமல் இருக்க, மேலே விரிக்கும் குடை மாதிரி செடி அதைத் தயாரித்துக்கொள்கிறது. வெளிச்சம் மிதமாக இருந்தால் குடைக்கு வேலை இல்லை. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கப் பச்சையம்தான் தேவை, அதனால் செடி பச்சையாகிறது. ஆக உங்கள் ரோட்டாலாவுக்கு நோய் எதுவும் இல்லை. அது உங்கள் விளக்குக்குத் தக்கபடி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயமும் உண்டு. நீர்ச்செடிகளை வளர்க்கும் பண்ணைகளில் பெரும்பாலும் வேர் மட்டும் ஈரத்தில், இலை காற்றில் என்றுதான் வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலை வேறு, தண்ணீருக்குள் வளரும் இலை வேறு. வடிவம், தடிமன், நிறம் எல்லாமே மாறும். தொட்டிக்கு வந்தபின் பழைய இலைகள் ஓட்டை விழுந்து, கண்ணாடி போல் ஆகி உதிர்வது சகஜம். அதைப் பார்த்துப் பதறி மருந்து தேட வேண்டாம். நுனியில் புதிதாக வரும் இலையைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் செடி பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

ஆனால் அடியிலிருந்தே அழுகுகிற அந்தப் பெயர் தெரியாத செடி, பெரும்பாலும் நீர்ச்செடியே இல்லை. டிராசீனா, கார்டிலைன், ஹெமிகிராஃபிஸ், ஐரெசின் போன்ற தரைச்செடிகளைச் சிவப்பு அழகுக்காகத் தொட்டிச் செடி என்று விற்பது நெடுநாளாக நடக்கிற வேலை. தண்ணீருக்குள் சில வாரங்கள், டிராசீனா போன்ற முரட்டுச் செடி என்றால் சில மாதங்கள்கூட தாக்குப்பிடிக்கும். ஆனால் ஒரு புது இலை விடாது. தடித்த, மெழுகு பூசியது போன்ற இலை, தண்ணீர் பட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடுவது, கட்டை போன்ற தண்டு, இதெல்லாம் பார்த்தால் சந்தேகப்படுங்கள். இது மட்டும் முடிவான சோதனை ஆகாது, காற்றில் வளர்த்த நல்ல நீர்ச்செடியும் விறைப்பாகத்தான் நிற்கும். அதனால் பெயர் கேட்டு, தேடிப் பார்த்து வாங்குவதுதான் ஒரே பாதுகாப்பு. இப்போது இருப்பதை வெளியே எடுத்து மண் தொட்டியில் நட்டுவிடுங்கள். வேர் இன்னும் அழுகவில்லை என்றால் அங்கே பிழைக்கும்.

சரி, எதை வைப்பது? உங்கள் தொட்டிக்கு ஒரே ஒரு செடி என்றால் நான் சொல்வது சிவப்பு டைகர் லோட்டஸ். மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்து அல்லி இனம். கிழங்காகவே கிடைக்கும், முளைவிட்ட செடியாகவும் கிடைக்கும். மிதமான வெளிச்சத்திலும் தண்ணீருக்கடியில் இருக்கும் இலைகள் செந்நிறமாகவே வரும், மேலே கருஞ்சிவப்புத் திட்டுகள் தெரியும். கிழங்கை முழுசாக மணலில் புதைத்தால் அழுகிவிடும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் மணலுக்குள் போனால் போதும். எந்தப் பக்கம் மேல் என்று தெரியாவிட்டால் மணல்மேல் சும்மா வைத்துவிடுங்கள், முளை வந்ததும் தெரிந்துவிடும்.

முதலில் அம்பு முனை போன்ற சின்ன இலைகள் வரும். கொஞ்சம் வலு வந்தபின் ஒரு காம்பு மட்டும் மற்றதை விட்டுவிட்டு விறுவிறுவென்று மேல்மட்டத்தை நோக்கி நீளும். அதன் நுனியில் இலை இன்னும் சுருண்டே இருக்கும். அப்போதே அடியோடு கிள்ளிவிடுங்கள். இரக்கப்பட்டு விட்டுவைத்தால் இலை மிதக்க ஆரம்பிக்கும், அடுத்தடுத்து வருவதும் அதன் பின்னாலேயே மேலே போகும், கீழே இருக்கும் சிவப்பு இலைகள் குறைந்துகொண்டே வரும். விடாமல் கிள்ளினால் செடி தாழ்வாக, அடர்த்தியாகப் படரும். பூ பார்க்க ஆசை என்றால் மட்டும் மிதக்கும் இலையை விட வேண்டும். நன்கு வளர்ந்தால் ஓரடி அகலம் பிடிக்கும், 60 லிட்டருக்கு ஒன்று தாராளம். வேர் வழியாகச் சாப்பிடும் செடி இது, வெறும் மணலில் அதற்கு ஒன்றும் கிடைக்காது. கிழங்கிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு உர மாத்திரையை மணலுக்குள் ஆழமாக அழுத்தி வைத்து, 2 அல்லது 3 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

முன்பக்கத்துக்கு கிரிப்டோகோரைன் வெண்டியில் பழுப்பு, சிவப்பு வகைகள் உண்டு. இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்டது. உண்மையைச் சொன்னால் இது சிவப்பு இல்லை, செம்பு நிறம். ஆனால் மங்கலான மூலையிலும் சாகாது. நட்ட சில நாளில் எல்லா இலையும் கரைந்து காணாமல் போகலாம். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேர் உயிரோடுதான் இருக்கும், புது இலை வரும். அதற்கும் உர மாத்திரை தேவை.

தண்டுச் செடிதான் வேண்டும் என்றால் லுட்விஜியா ரெபன்ஸ், அல்லது சூப்பர் ரெட் என்ற பெயரில் வரும் லுட்விஜியா. இவை ரோட்டாலாவைவிடக் குறைந்த வெளிச்சத்தில் நிறத்தைத் தக்கவைக்கும். ஆல்டர்னாந்தெரா ரைனெக்கி மினியும் முயலலாம். இது பொன்னாங்கண்ணியின் பங்காளி. இதன் நிறமி ஆந்தோசயனின் அல்ல, பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலெயின் வகை. அதனால் வெளிச்சம் குறைந்தாலும் பச்சைக்கு ஓடாது. வளர்ச்சி மட்டும் ஆமை வேகம். தனியாக கார்பன் டை ஆக்சைடு இல்லாத தொட்டியில் பழைய இலைகளில் பாசி பிடிக்கும், அப்படிப் பிடித்த இலைகளைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ரோட்டாலா மக்ராண்ட்ரா, ரோட்டாலா வாலிச்சி, லுட்விஜியா பாண்டனால் ஆகியவற்றைப் படத்தில் பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உப்புகள் குறைந்த மென்மையான தண்ணீரும் நல்ல வெளிச்சமும் கார்பன் டை ஆக்சைடும் மூன்றும் சேர்ந்தால்தான் அவை ஒழுங்காக வளரும்.

வெளிச்சத்துக்கு வருவோம். விளக்கு டப்பாவில் வெளிச்ச அளவைச் சொல்லும் லூமென் என்று ஒரு எண் இருக்கும், அதை லிட்டரால் வகுங்கள். லிட்டருக்கு 20 முதல் 40 லூமென் வரை மிதமான வெளிச்சம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். உங்கள் தொட்டிக்கு 1200 லூமெனுக்குக் குறைந்தால் விளக்கை மாற்றுவது நல்லது. 1500 வரை போகலாம். லிட்டருக்கு 40ஐத் தாண்டினால் கார்பன் டை ஆக்சைடு இல்லாமல் பாசிக்குத்தான் விருந்து. டைமர் போட்டு ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம், பாசி வரவில்லை என்றால் 8 மணி நேரம். அதற்கு மேல் எரியவிட்டால் செடி கூடுதலாகச் சிவக்காது.

விளக்கை மாற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு இலையைக் கிள்ளி ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மலிவான வெள்ளை எல்இடியில் சிவப்பு ஒளி குறைவு. அந்த ஒளி இல்லாவிட்டால் சிவப்பு இலைகூட அழுக்குப் பழுப்பாகத்தான் தெரியும். சில சமயம் செடி சிவப்பாகவே இருந்திருக்கும், விளக்குதான் காட்டியிருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக இருக்கும் எல்இடி போட்டவுடன் அதே இலை வேறு நிறத்தில் தெரிவது இதனால்தான்.

இப்போது அந்த இரும்பு பாட்டில். இரும்பு போட்டால் சிவக்கும் என்பது நீர்ச்செடி வளர்ப்பவர்களிடையே விடாமல் சுற்றும் நம்பிக்கை. இரும்பு, பச்சையம் உருவாகத் தேவையான சத்து. அது குறைந்தால் புது இலை வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அந்த அறிகுறி இருந்தால் போடலாம். இல்லாதபோது ஊற்றுவது வீண். உங்கள் தொட்டியில் பாசிதான் பலன் அடைந்திருக்கிறது. எப்போதாவது வாங்க நேர்ந்தால் லேபிளில் எந்த வகை இரும்பு என்று பாருங்கள். ஈடிடிஏ வகை, தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7ஐ நெருங்கும்போதே பிரிந்து பயனற்றுப் போக ஆரம்பிக்கும். டிடிபிஏ வகை 7.5 வரை தாங்கும். இப்போதைக்கு எல்லாச் சத்தும் கலந்த பொது உரம், அதுவும் லேபிளில் சொன்னதில் பாதி அளவு, வாரம் ஒருமுறை போதும். வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

தண்ணீரில் இருக்கும் நைட்ரேட் என்ற நைட்ரஜன் சத்தைக் குறைத்தால் ரோட்டாலா சிவக்கும் என்று யாராவது சொல்வார்கள், அது உண்மைதான். நைட்ரஜன் பற்றாக்குறை வந்தால் ஆந்தோசயனின் கூடும். ஆனால் அதற்கு நைட்ரேட்டைச் சோதித்து 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) பக்கத்திலேயே பிடித்து வைக்க வேண்டும், வெளிச்சமும் கூட வேண்டும். பூஜ்யத்துக்கு இறங்கினால் பழைய இலைகள் மஞ்சளாகி வளர்ச்சி குன்றும். ஆல்டர்னாந்தெராவை இப்படிப் பட்டினி போட்டால் சிவக்காது, நோஞ்சானாகும். மீன் இருக்கும் தொட்டியில் இந்த விளையாட்டு தேவையில்லை என்பது என் கருத்து.

நடும்போது ஒரு கவனம். தண்டுகளைச் சுற்றியிருக்கும் ஈயப் பட்டையையோ பஞ்சையோ முழுக்கப் பிரித்துவிட்டு, ஒவ்வொரு தண்டாக 2, 3 செமீ இடைவெளியில் நடுங்கள். கட்டோடு செருகினால் நடுத் தண்டுகள் வெளிச்சம் இல்லாமல் கீழிருந்து அழுகும். வந்த செடியில் பூச்சிமருந்து எச்சம் இருக்கலாம். இறால் வளர்ப்பதாக இருந்தால் ஒரு வாளியில் போட்டு ஒரு வாரம் தினமும் தண்ணீர் மாற்றிய பிறகு தொட்டிக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் சூடு 30 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 24, 25 இருந்தால் உங்கள் மீனுக்கும் நல்லது, செடிக்கும் நல்லது. லுட்விஜியா மேல்மட்டத்தைத் தொட்டதும் நுனியில் ஒரு கையளவு வெட்டி அதையே மறுபடி நடுங்கள். நல்ல நிறம் எப்போதும் விளக்குக்கு அருகில் இருக்கும் நுனியில்தான் இருக்கும். அடித்தண்டு மொட்டையாகிவிட்டால் பிடுங்கிவிடலாம்.

அப்புறம், பச்சையாகிவிட்ட ரோட்டாலாவைத் தூக்கிப் போடாதீர்கள். பின்சுவரை ஒட்டி அதை அடர்த்தியாக நட்டு, முன்னால் கொஞ்சம் இடம் விட்டு டைகர் லோட்டஸை வையுங்கள். பின்னால் இளம்பச்சை இருந்தால் சிவப்பு இரண்டு மடங்கு எடுப்பாகத் தெரியும். ரோட்டாலாவை மாதம் ஒருமுறை பாதிக்கு வெட்டிவிடுங்கள், லோட்டஸின்மேல் அதன் நிழல் விழக் கூடாது.