படல் சாத்துன காடு

அண்ணா, நான் மேய்ச்சல் நில மேலாண்மைல பிஎச்டி பண்றேன். காங்கயம் பக்கம் கொறங்காடு (உயிர்வேலி போட்ட சொந்த மேய்ச்சல் காடு) பல எடத்துல மாடும் இல்லாம பயிரும் இல்லாம தரிசா கெடக்கு. கொழுக்கட்டைப் புல்ல எடுத்துட்டு கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லு போட்டா தீவனம் பல மடங்கு வருமே? பொது நிலம் ஏன் அழியுதுன்னு எழுதின ஹார்டின் சொன்ன மாதிரி மேய்ச்சல் நிலம் எப்படியும் அழியத்தானே போகுது?
ஆய்வு மாணவி, ஈரோடு

அம்மிணி,

உங்க லெட்டர் வந்தப்ப, எங்க காட்டு வேலில விழுந்த சந்துல கெளுவ மரத்துப் போத்து (ஒடிச்ச கெளை) ஊனிட்டு அப்பத்தான் வந்து உக்காந்தேன், அதான் உடனே எழுதறேன். ஹார்டின் 1968ல எழுதினது பொது மேய்ச்சலப் பத்தி, கொறங்காடு பட்டா நிலம், அத விடுங்க. நேப்பியருக்கு கெணத்துத் தண்ணி வேணும், இங்க வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் மழையே பெருசு, அதையும் விடுங்க.

ஆனா தரிசுன்னு எழுதுனீங்க பாருங்க, அதத்தான் என்னால பொறுக்க முடியல. படிச்ச புள்ள எழுதற வார்த்தையா அது? நீங்க பாத்தது புல்லு வளரட்டும்னு படல, அதான் வேலிக் கதவ, சாத்தி வெச்ச காடுங்க.

எனக்கு பத்து வயசிருக்கும், ஐப்பசி மழை பேஞ்சு நாலஞ்சு நாள்ல காடு பச்சை புடிச்சிருச்சு, எங்க மயிலைப் பசு கட்டுத்தறில நின்னு கத்திட்டே இருக்கவும் பாவம்னு நானா அவுத்துட்டுப் போயி படலத் தெறந்து விட்டுட்டேன். அப்பாரு அடிக்கல. மாடு மேஞ்ச எடத்துல குந்த வெச்சு கீழ கெடந்த ஒரு முளைய எடுத்து கைல குடுத்தாரு. முழுசா புடுங்கிட்டு வந்திருந்துச்சு, வேர்ல ஈரச் செம்மண்ணு. "வேர் புடிக்கற வரைக்கும் வாய் வெக்கக் கூடாது சாமி, புடிச்சப்பறம் நாக்குல சுத்தி இழுத்தாலும் தாளுதான் அறும், தூரு நிக்கும்"னாரு.

அதுக்குத்தான் காட்ட வேலி போட்டு மூணு நாலா பிரிச்சது, ஒண்ணுல மேயறப்ப மத்தது சாத்திக் கெடக்கும், புல்லு கதிர் விட்டு விதை உதிர்ற வரைக்கும். கோடைல புல்லு காஞ்சாலும் வெள்வேலாங்காய் உதிரும், ஆடு அதத் தின்னுட்டு புழுக்கைல விதைய காடு பூரா போட்டுட்டு வரும். மழை மாசத்துல ஒரு நாள் ஒரு சதுர எடத்துப் புல்ல அறுத்து எடை போட்டா இதெல்லாம் அந்தக் கிலோ கணக்குல எங்கங்க வருது? படல் எத்தனை நாள் சாத்தியிருந்துச்சுன்னு காட்டுக்காரரக் கேட்டு எழுதாத தீசிஸ், எத்தனை பக்கம் இருந்தாலும் கொறங்காட்டப் பத்தினதே இல்ல.

கோவிச்சுக்காதீங்க, ஐப்பசிக்கு வாங்க, வீட்லயே தங்கிக்கலாம். பங்காளி பங்கு வித்துப் போயி வேலியத் தோண்டிட்டு சைட்டு கல்லு நட்டுட்டாங்க, அப்பாரு வெச்ச கெளுவ தூரோட ரோட்டோரமா கெடந்துச்சு. அதுல ஒடிச்ச போத்துதான் இன்னைக்கு ஊனுனது, பத்துல ஏழாச்சும் தழையும்னு நெனைக்கறேன்.